ஐ7 என்று சொன்னால் போதுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் போக வேண்டும். கூட்டு எடுத்த பணம் 800 வெள்ளி கையில் இருக்கிறது. டவுனில் கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் ஒரு பழைய மடிக்கணினி, கோர் ஐ7, 16 ஜிபி, 750 வெள்ளி என்கிறார்கள். "ஐ5-ஐ விடப் பெரிசுக்கா, கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்கிறான் கடைப் பையன். திரையில் வந்த விவரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. நல்லவேளை படம் அனுப்பினீர்கள். அதில் 'ஐ7-4600யு' என்று இருக்கிறது, அந்த ஐ7-ஐ விட்டுவிட்டுப் பின்னால் வரும் 4-ஐப் பாருங்கள். அது நான்காம் தலைமுறை, கடைப் பேச்சில் 'ஃபோர்த் ஜென்', 2013-இல் வந்த சிப், உள்ளே இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் மூளை இரண்டுதான். 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர். பெயர்தான் ஐ5, வேலையில் உங்கள் ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பையன் பொய் சொல்லவில்லை, ஐ5-ஐ விட ஐ7 பெரிதுதான், ஆனால் ஒரே வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குள்ளே.

வேகத்தைக்கூட விடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் என்பதுதான் பொது விதி. பழையதிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள், ஓடவும் ஓடும், ஆனால் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. மூன்று வருடம் அசைன்மென்டும் பேங்க் கணக்குமாக அதில் உட்காரப்போகிற பிள்ளைக்கு அது வேண்டாம்.

அப்படியானால் எதைத் தேடுவது? அலுவலகங்களில் வாடகைக்கு ஓடி, ஒப்பந்தம் முடிந்து வெளியே வருகிற மடிக்கணினிகள். லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5, இவையெல்லாம் 2018 வாக்கில் வந்தவை, உங்கள் பணத்துக்குள் அடங்குவதாக ஈப்போவில் தேடினால் கிடைக்கலாம். கடைக்காரரிடம் பேரைச் சொன்னால் போதாது, எண்ணைக் கேளுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் எண் 8 அல்லது 9 ஆக இருக்க வேண்டும், 10210 என்பதுபோல ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்தாம் தலைமுறை. மெமரி 8 ஜிபி இருந்தால் போதும், 16-க்கு மயங்க வேண்டாம், ஆனால் உள்ளே எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு, கட்டாயம் இருக்க வேண்டும். இன்னொன்று, அதே காசுக்குப் பெட்டி பிரிக்காத புதுசு என்று செலரான் என்கிற மலிவுச் சிப், 4 ஜிபி மெமரி, 64 ஜிபி சேமிப்பு என ஒன்றைக் காட்டுவார்கள். பளபளப்பாக இருக்கும். தொடாதீர்கள். அதில் மெமரியும் சேமிப்பும் பெரும்பாலும் பலகையோடு ஒட்டவைத்தே வரும், பிறகு கூட்டவும் முடியாது.

கடைக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, மகளையும் ஒரு பென்டிரைவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த சரக்கு என்றால் விசைகளின் இடமே மாறியிருக்கும், ஸ்பேஸ் பார் அரை விரல் நீளம்தான். பென்டிரைவை ஒவ்வொரு துளையிலும் செருகிப் பாருங்கள், கைப்பேசி டார்ச்சை அடித்து உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். கேமரா, ஒலிபெருக்கி, மூடித் திறக்கும் கீல், வெள்ளைப் பக்கத்தில் திரை, இதெல்லாம் நீங்களே பார்ப்பீர்கள்.

பேட்டரிக்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸில் கட்டளை தட்டுகிற கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஒட்டினாற்போல 'பேட்டரிரிப்போர்ட்', இதை ஆங்கில எழுத்தில் (powercfg /batteryreport) தட்டினால் ஓர் அறிக்கையை எழுதிவைக்கும். அதில் புதிதாக இருந்தபோது பிடித்த அளவும் இப்போது பிடிக்கிற அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அது 50,000, இது 31,000 என்றால் நூற்றுக்கு 62 மிச்சம், எடுக்கலாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பேட்டரி மாற்றும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. அதில் நானே ஏமாந்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு அண்ணன் மகனுக்கு ஒன்று வாங்கினேன், பார்க்க அவ்வளவு சுத்தம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ரீசெட் செய்து, வைஃபை கொடுத்தேன், அவ்வளவுதான், முன்பின் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பேரைக் காட்டி அந்த அலுவலக மின்னஞ்சலைப் போடச் சொன்னது. மேலே போகவே இல்லை. முன்பு அதை வைத்திருந்த அந்தக் கம்பெனி தன் மடிக்கணினிப் பட்டியலிலிருந்து அதை எடுக்கவே இல்லை. விற்றவரைக் கூப்பிட்டால் முதல் நாள் "பாக்குறேண்ணே" என்றார், மறுநாள் எண்ணே வேலை செய்யவில்லை. அதனால் கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கைப்பேசி இணையத்தில் இணைத்து, புதுப் பயனர் பேர் கேட்கும்வரை நின்று பாருங்கள். நேரமாகும்தான், போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ரசீதில் மாடல் பேர், சிப் எண், வாரண்டி நாள் எல்லாம் எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கியதில் தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் யாரோ ஒரு தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது.

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மடிக்கணினி ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 10. செய்தி படிப்பேன், கடிதம் தட்டுவேன், யூடியூப் பார்ப்பேன், அவ்வளவுதான். மகன் தூக்கிப் போடச் சொல்கிறான்.
– ஒரு வாசகர், பீடோர்

பதில்: மகனிடம் சொல்லுங்கள், மடிக்கணினிக்கும் ஓய்வூதியம் உண்டு. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பயனருக்கு, பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அதற்கு மேல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம், தமிழும் தட்டலாம், நீங்கள் சொல்கிற மூன்று வேலைக்கும் தாராளம். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டால் பழையபடி இருக்கும். இன்னும் சுழன்று ஓடுகிற ஹார்ட்டிஸ்க்தான் இருக்கிறது என்றால் ஓர் எஸ்எஸ்டி மாற்றுங்கள், மகனே திரும்பக் கேட்பான்.

கேள்வி: மடிக்கணினி வாங்கி இரண்டு மாதம், டச்பேட் மேலே எழும்பி மூடி சரியாகச் சேரவில்லை. மேலே ஏதாவது கனமாக வைத்தால் அமுங்குமா?
– ஒரு வாசகர், கூலிம்

பதில்: வைக்காதீர்கள்! பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணைத்துவிடுங்கள், குத்துவதோ அமுக்குவதோ கூடாது, தீப்பிடிக்கும். கடைக்கு எடுத்துப் போய் மாற்றுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள்.