700 கமிட்டில் எது கெடுத்தது?

கேள்வி: பலர் சேர்ந்து எழுதும் ஒரு சி நிரலை லினக்ஸில் பராமரிக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் வெளியிட்ட பதிப்பு ஒழுங்காக ஓடியது. இப்போது காலிக் கோப்பைக் கொடுத்தால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (நினைவகத்தைத் தவறாகத் தொட்ட பிழை) என்று விழுந்துவிடுகிறது. இடையில் சுமார் 700 கமிட்டுகள், அதாவது கிட்டில் பதிவான மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: படித்துத் தேட வேண்டாம். பழுது எங்கே என்று தெரியாமல் படித்தால் பார்க்கும் வரியெல்லாம் சந்தேகமாகத்தான் தெரியும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டிலேயே ‘பைசெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. கிட் பிறந்த 2005-ஆம் ஆண்டிலேயே இதுவும் வந்துவிட்டது. நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று என இரண்டைக் காட்டினால் நடுவில் உள்ளதை எடுத்து உங்கள் கையில் கொடுக்கும். நீங்கள் சோதித்துவிட்டு நல்லதா கெட்டதா என்று சொன்னால் போதும், பாதி கழிந்துவிடும். 700 என்பது 350, 175, 88 என்று சுருங்கி, அதிகபட்சம் பத்தே சோதனையில் ஒரு கமிட்டில் வந்து நிற்கும்.

ஆனால் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த மூன்று மாதப் பழைய பதிப்பை இன்றைக்கு, இதே கணினியில், மறுபடி கம்பைல் செய்து (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) காலிக் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது ஓடியது என்ற நினைவை நம்பி இறங்காதீர்கள். பழையதும் இப்போது விழுகிறது என்றால் மாறியது உங்கள் நிரல் இல்லை. கம்பைலரோ, ஏதாவது ஒரு லைப்ரரியோ இடையில் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் 700 கமிட்டில் தேடி ஒன்றும் கிடைக்காது. அந்தப் பழுது முன்பிருந்தே ஒளிந்திருந்து, இப்போதுதான் வெளியே வந்திருக்கவும் கூடும்.

பழையது ஓடுகிறது என்றால் சரி, இறங்கலாம். கமிட் செய்யாத மாற்றங்களை முதலில் ‘கிட் ஸ்டாஷ்’ செய்து ஒதுக்குங்கள். பிறகு ‘கிட் பைசெக்ட் ஸ்டார்ட்’. அடுத்து, இப்போதைய கமிட் கெட்டது என்று சொல்ல ‘கிட் பைசெக்ட் பேட்’. அப்புறம் ‘கிட் பைசெக்ட் குட்’ போட்டு, பழைய பதிப்பின் டேக் பெயரை (அந்தப் பதிப்புக்குக் கிட்டில் இட்ட அடையாளப் பெயரை) சேர்த்துக் கொடுங்கள். அவ்வளவுதான், நடுக் கமிட் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கம்பைல் செய்து, சோதித்து, ‘குட்’ அல்லது ‘பேட்’ சொல்லிக்கொண்டே போங்கள். கம்பைலே ஆகாத கமிட் வந்தால் ஊகித்துப் பதில் சொல்லாமல் ‘ஸ்கிப்’ கொடுங்கள். ஒரே ஒரு தவறான பதில் போதும், தேடல் தவறான பாதிக்குள் போய்விடும்.

எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. கமிட் மாறியும் முந்தைய கம்பைலில் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகள் அப்படியே கிடந்தன, கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ கருவி அவற்றையே சேர்த்து இணைத்துவிட்டது. நான் சோதித்தது எந்தக் கமிட்டை என்றே தெரியவில்லை. கடைசியில் பைசெக்ட் வெறும் ஆவணத் திருத்தம் ஒன்றைக் காட்டி அதுதான் காரணம் என்றது. அதிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ‘மேக் கிளீன்’ கொடுத்து பழைய கோப்புகளை அழித்த பிறகே கம்பைல் செய்கிறேன். கொஞ்சம் நேரம் பிடித்தாலும் நம்பிக்கையோடு பதில் சொல்லலாம்.

உங்கள் பழுது ஒவ்வொரு முறையும் தவறாமல் வருவதால் சோதனையையும் கணினியிடமே விட்டுவிடலாம். ‘கிட் பைசெக்ட் ரன்’ என்று போட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) கொடுங்கள். அது 0 என்ற எக்ஸிட் கோடோடு, அதாவது முடியும்போது தரும் எண்ணோடு, முடிந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளும். 1 முதல் 127 வரை கெட்டது. 125 மட்டும் விதிவிலக்கு, அதற்கு ‘ஸ்கிப்’ என்று பொருள். 128 அல்லது அதற்கு மேல் போனால் தேடலையே நிறுத்திவிடும்.

உங்கள் விஷயத்தில் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் லினக்ஸ் நிரலுக்கு அனுப்பும் நிறுத்தச் செய்தி சிக்னல் 11. அதனால் செத்த நிரலுக்கு ஷெல் 128-ஓடு 11-ஐக் கூட்டி 139 என்று தரும். ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியாக நிரலை அப்படியே ஓட்டினால், முதல் கெட்ட கமிட்டிலேயே பைசெக்ட் நின்றுவிடும். எனவே நிரல் எந்தப் பிழை எண்ணோடு முடிந்தாலும் அதை 1 ஆக மாற்றி வெளியேறச் சொல்லுங்கள். கம்பைல் தோற்றால் 125. ஸ்கிரிப்ட்டையும் அந்தக் காலிக் கோப்பையும் ரெப்போவுக்கு (கிட் கவனிக்கும் நிரல் அடைவுக்கு) வெளியே வேறு அடைவில் வையுங்கள். உள்ளே கமிட் செய்து வைத்திருந்தால் பழைய கமிட்டுக்குப் போகும்போது காணாமல் போகும்.

கமிட் கிடைத்ததும் ‘கிட் பைசெக்ட் லாக்’ கொடுத்து வரும் பதிவை ஒரு கோப்பில் சேமியுங்கள், பிறகு ‘கிட் பைசெக்ட் ரீசெட்’. அந்தக் கமிட் சிறியதாக இருந்தால் ‘கிட் ஷோ’ போட்டதுமே காரணம் தெரிந்துவிடலாம். பெரியதாக இருந்தால் டீபக் விவரங்களோடு கம்பைல் செய்து பழுது தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டி, விழுந்த இடத்தில் ‘பேக்ட்ரேஸ்’ (எந்தெந்தச் செயற்கூறு வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுங்கள். தேட வேண்டிய இடம் இப்போது ஒரே கமிட்தான் என்பதால் அதைப் படிப்பது எளிது. எழுதியவருக்குத் தகவல் சொல்லும்போது லாக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்; ‘பைசெக்ட் ரீப்ளே’ கொடுத்து அவரும் அதே வழியில் வந்து பார்க்கலாம்.