இரண்டு நாளில் செத்த சேவல்

கேள்வி: என்ரை மகனுக்குப் பத்தொன்பது வயது. ஞாயிற்றுக்கிழமையில் சேவல் சண்டைக்குப் போகிறான். போனமுறை நெஞ்சில் கத்தி பட்ட சேவலைக் கொண்டுவந்தான். மஞ்சள் பூசினோம், இரண்டு நாளில் செத்துவிட்டது. "சேவலெண்டால் சண்டை பிடிக்கும்தானே அம்மா" என்கிறான். இது குற்றமா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: குற்றம்தான் அம்மா. 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டத்தின்படி, காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும், தனியார் வளவுக்குள் நடந்தாலும் சேவல் சண்டை சட்டவிரோதச் சூதுதான். விலங்கு வதைக்கு எதிரான 1907ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. அதில் தண்டம் நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் மூன்று மாதம் வரை மறியலும் உண்டு என்பதை மகனுக்குச் சொல்லுங்கள்.

அவன் சொல்வதில் பாதிதான் சரி. வளவில் இரண்டு சேவல்கள் முட்டிக்கொண்டால் தோற்றது வேலிக்குள் புகுந்து ஓடிவிடும், வென்றதும் விட்டுவிடும். களத்தில் ஓட இடமில்லை. களைத்து விலகியதைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, திரும்ப இறக்குகிறார்கள். எதிரி கொத்திப் பிடிக்காதபடி கொண்டையையும் தாடியையும் முன்கூட்டியே அறுக்கிறார்கள். காலில் கத்தி கட்டுவதும் மனிதர்தான். இதில் எது சேவலின் இயல்பு?

அந்தச் சேவல் ஏன் செத்தது? நெஞ்சில் ஆழமாகக் குத்துப்பட்டால் வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும். கோழியின் சீழ் நம்முடையதைப் போல வழியாது. கட்டியாக இறுகி உள்ளேயே கிடக்கும். மேலே மஞ்சள் பூசினால் அங்கே போய்ச் சேராது. காற்றுப்பை கிழிந்திருந்தால் தோலுக்கடியில் காற்றுப் புகுந்து உப்பும், தொட்டால் தெரியும். வாயைத் திறந்து மூச்சுவாங்கினாலும், உப்பினாலும், கண்ணில் அடிபட்டிருந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதுவரை கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், சாம்பல், மனிதருக்கான குளிசை எதுவும் வேண்டாம். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காற்றோட்டமுள்ள இருட்டுப் பெட்டியில் வைத்து முதலில் தண்ணீர் கொடுங்கள். வன்னி வெயிலில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்க ஒரு நாள் போதும், அதனால் காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள்.

மற்றக் கோழிகளோடு விடவே வேண்டாம். இரத்தம் கண்டால் அவையும் கொத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து, பல ஊர்ச் சேவல்கள் கூடும் களத்திலிருந்து இராணிக்கெட் நோய் வந்தால் வளவுக் கோழி முழுதும் போய்விடும். ஒரு மாதம் தனியே வைத்து, தீனிப் பாத்திரத்தையும் வேறாக வையுங்கள். அதைப் பார்த்த கையோடும் செருப்போடும் கோழிக்கூட்டுக்குப் போக வேண்டாம்.

மகனோடு கதைக்கும்போது சண்டைக்காரரைப் பற்றித் தொடங்காமல், செத்த சேவலிலிருந்து தொடங்குங்கள். தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தவனுக்கு அதில் இரக்கம் இருக்கிறது. வளர்க்க ஆசையென்றால் எட்டுப் பேட்டுக்கு ஒரு சேவல் என்று வளர்க்கட்டும், குஞ்சும் முட்டையும் காசாகும். களம் நடத்துவோரிடம் நீங்கள் நேரே போய் வாய்கொடுக்க வேண்டாம். அவன் விலகிய பிறகு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் பொலிசின் 119 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.