மூணு கோட்டுக் கணக்கு

கேள்வி: வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த மேஸ்திரி ‘மூணு கோட்டு’ என்கிறார். வக்கீல் மாட்டுவதும் கோட், மாத்திரையின் மேலிருப்பதும் கோட்டிங், நாயின் ரோமமும் கோட்டாம். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரே சொல்லை உண்டாக்கினால் என்ன? (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: இருக்கிறதை எல்லாம் விற்றுவிட்டு ஒன்று வாங்கச் சொல்கிறீர்கள். சுவருக்குப் பூச்சு, நகைக்கு முலாம், விதைக்கு உறை, பாம்புக்குச் சட்டை என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். உடுத்துகிற கோட்டுக்குக்கூட முல்லைப்பாட்டில் ‘மெய்ப்பை’ உண்டு. பாசறையில் இருந்த யவனர்கள் (கிரேக்க, ரோமானியர்கள்) அதற்குள் ‘புக்க’, அதாவது புகுந்த, கோலத்தில் நின்றார்களாம். உடம்பைப் பைக்குள் போட்ட மாதிரித் தெரிந்திருக்கிறது புலவருக்கு!

சொல்லை விடுங்கள், மேஸ்திரியிடம் பேசினீர்களா? அந்த மூன்றில் பிரைமர் சேர்த்தியா, தனியா? பிரைமர் பெயிண்ட்டுக்குப் பிடிப்புக் கொடுப்பது, நிறம் அதற்குமேல்தான். பிரைமர் ஒன்று, பெயிண்ட் இரண்டு என்றால் நியாயமான மூன்று. பட்டி பார்த்ததையும் ஒரு கோட்டாக எண்ணுகிற ஆசாமிகள் உண்டு. எஸ்டிமேட்டில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நவம்பர் மழையில் ஊறிய சுவரென்றால் காயும்வரை பொறுங்கள். ஈரத்தின்மேல் எத்தனை கோட்டு அடித்தாலும் கொப்பளித்து உரியும். இதே ஊரில்தான் ஒரு காலத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் ‘மெட்ராஸ் சுனாம்’ என்று வியந்தது அதைத்தான். இன்றைக்கு அப்படித் தேய்க்கச் சொன்னால் மேஸ்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விடுவார்.

மாத்திரையில் உங்கள் ஒற்றைச் சொல் ஆபத்தே. சர்க்கரைப் பூச்சு கசப்பை மறைப்பதற்கு. அமிலச் சுரப்பைக் குறைக்கிற பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளின் பூச்சு வேறு ஜாதி: வயிற்று அமிலத்தைத் தாண்டி, குடலுக்குப் போன பிறகு கரையும். வீட்டில் பெரியவர்கள் விழுங்கச் சிரமப்படுகிறார்களே என்று அதைக் கரண்டியால் நசுக்கிக் கொடுத்தால் மருந்து அமிலத்திலேயே கெட்டுவிடும். ‘கோட்டிங்தானே’ என்று இருந்துவிடாமல் டாக்டரைக் கேட்டுவிட்டு நசுக்குங்கள்.

நாய் விஷயமும் அப்படியே. ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெயிலுக்கு இதமென்று மொட்டை அடிக்கிறார்கள். வெயிலைத் தடுப்பதும் அந்த ரோமம்தான். சென்னையில் வளர்க்க ராஜபாளையத்துக்கு என்ன குறைச்சல்?

வக்கீல் கோட்டுக்கு மட்டும் எந்த வேலையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கோடையில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற கோர்ட்டுகளில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்பது பார் கவுன்சில் விதி. ஆக, மே மாதத்தில் எழும்பூர் கோர்ட்டில் கழற்றி வைக்கலாம். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெயில் எங்கே குறைகிறது என்று பார் கவுன்சில்தான் சொல்ல வேண்டும்.