காசொலினா யாருடைய பாட்டு?

அன்புள்ள ஐயா,

பாடகர் டாடி யாங்கியின் 'காசொலினா' பாட்டை இருபது வருடமாகக் கேட்கிறேன். ஸ்பானிஷ் தெரியாது. அர்த்தம் தேடினால் ஒருவர் மது என்கிறார், ஒருவர் போதைப்பொருள் என்கிறார், மற்றவர்கள் சொல்வதை எழுதக் கூசுகிறது. ஒரு பார்ட்டிப் பாட்டுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இடம் கொடுத்தது ஏன்? புகழோடு இருக்கும்போதே அவர் விலகியது ஏன்?

– ச.

அன்புள்ள நண்பருக்கு,

காசொலினா என்றால் ஸ்பானிஷில் பெட்ரோல். டாடி யாங்கியே சொன்ன விளக்கம் எளிமையானது. அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட தீவான போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், வில்லா கென்னடி என்ற அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தபோது, 'இவளுக்கு பெட்ரோல்னா எவ்வளவு ஆசை!' என்று தெருவில் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தியது அவர் காதில் விழுந்தது. நல்ல கார் வைத்திருப்பவனோடு ஏறிக்கொண்டு பார்ட்டிக்குப் போகும் பெண்களை அங்கே அப்படிக் கேலி செய்வார்கள். பாட்டின் விதை அதுதான். மற்ற அர்த்தங்கள் கேட்டவர்கள் ஏற்றியவை.

ஆனால் பாட்டுக்குள் அந்தக் கேலி எடுபடவில்லை. அவளுக்கு பெட்ரோல் பிடிக்கும் என்று ஆண் குரல் சொன்னதுமே, 'இன்னும் கொடு' என்று பெண் குரல் அடிக்கிறது. கூச்சமில்லை, கெஞ்சலில்லை, அதட்டிக் கேட்கிறது. அந்த இடத்தில்தான் கூட்டம் மொத்தமும் சேர்ந்து கத்தும். அந்தக் குரல் குளோரி என்ற பாடகியுடையது. பாட்டின் முகப்பில் டாடி யாங்கி பெயர் மட்டும்தான். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நூலக விஷயத்துக்கு வருகிறேன். பனாமாவின் ஸ்பானிஷ் ரெகே, ஜமைக்காவின் 'டெம்பௌ' (dembow) தாளம், நியூயார்க்கின் ஹிப்ஹாப் எல்லாம் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்புகளில் கலந்து உருவான ரெகேடோன் என்ற இசை இது. தொண்ணூறுகளில் கேசட்டுகளில் கைக்குக் கை மாறியது. டிஜே ப்ளேயெரோவின் கேசட்டுகளில் பதின்வயது யாங்கியின் குரலைக் கேட்கலாம். 1995-இல் ஆபாசம் என்று சொல்லி போலீஸ் கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. 2002-இல் இதன் ஆட்டமான பெர்ரேயோவுக்கு எதிராக செனட்டர் வெல்டா கொன்சாலெஸ் விசாரணையே நடத்தினார். இரண்டே வருடத்தில், 2004-இல், 'பாரியோ ஃபீனோ' ஆல்பத்தில் லூனி ட்யூன்ஸ் இசையமைத்த 'காசொலினா' வந்து உலகத்தைச் சுற்றியது. 2023-இல் அதே நாட்டின் நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ரெகேடோன் பாட்டு அதுதான். ஆட்டம் போட வைப்பது அற்பமான வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியவேண்டும்.

ரமோன் அயாலா என்ற இயற்பெயர் கொண்ட யாங்கிக்குச் சிறுவயதில் பேஸ்பால் வீரனாகும் ஆசை இருந்தது. காலில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு அதை முடித்துவைத்தது. முழுமூச்சாக இசைக்கு வந்தார். 2017-இல் லூயிஸ் ஃபோன்சியோடு பாடிய 'டெஸ்பசீட்டோ', ஜஸ்டின் பீபர் சேர்ந்த வடிவத்தில், அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் நின்றது.

2022 மார்ச்சில் ஓய்வு அறிவித்தார். 2023 டிசம்பரில், சொந்த ஊரின் கொலிசேயோ அரங்கில், கடைசிக் கச்சேரி மேடையிலேயே, இனி தன் வாழ்க்கை கிறிஸ்துவுக்கு என்றார். சலித்துப்போய் விலகியவராக எனக்குத் தெரியவில்லை. 2025-இல் மறுபடி பாட வந்தபோதும் விசுவாசத்தைத்தான் பாடினார்.