தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்கிறது, மீன் அறுத்துக்கொண்டு போகிறது: என்ன செய்வது?

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. 7 அடி ராடு, 3000 அளவு ரீல், 0.40 மி.மீ. நைலான் நரம்பு வாங்கிக் கோவளம் முகத்துவாரம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். கடையிலேயே நரம்பு ஏற்றிக் கொடுத்தார்கள். நாலைந்து வீச்சிலேயே சுருண்டு சிக்காகிவிடுகிறது. போன வாரம் உயிர் இறாலுக்குப் பெரிய மீன் ஒன்று அடித்தது. ரீல் கிர்ரென்று கத்தக் கத்தச் சுற்றினேன். தூண்டில் முள்ளோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு மட்டமா? பிரெய்ட் (பின்னல் நரம்பு) வாங்கலாமா? காலையில் போய் இருட்டும்போது வெறுங்கையோடு வருவதால் வீட்டிலும் ஒரே பேச்சு.

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நரம்பு முறுக்கிக்கொள்வதற்கு ஒரு காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ரீல் கத்தும்போது சுற்றினீர்கள். அந்தச் சத்தம் டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் தடை) நழுவும் சத்தம். மீன் இழுக்கிற இழுப்பில், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் சுழன்று நரம்பை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்றினால் நரம்பு உள்ளே வராது. நரம்பை ஸ்பூலில் ஏற்றும் வளைந்த பெயில் கம்பி மட்டும் ஸ்பூலைச் சுற்றிச் சுற்றி நரம்பை முறுக்கும். 5.2:1 பல்சக்கர விகிதம் உள்ள ரீலில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் பெயில் ஐந்து சுற்றுக்கு மேல் போகும். 20 முறை சுற்றியிருந்தால் நரம்பில் 104 முறுக்கு ஏறியிருக்கும். மீன் போன பிறகும் அந்த முறுக்கு நரம்பிலேயே இருக்கும். அடுத்த வீச்சில் நரம்பு தளர்ந்த இடத்தில் அது சுருளாக வெளியே வரும்.

ஆகவே முதல் பழக்கம் இது: டிராக் கத்தினால் கைப்பிடியிலிருந்து கையை எடுங்கள். ராடை 45 பாகைக்குப் பக்கமாக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மீனை ஓட விடுங்கள். ஓட்டம் நின்றதும் சுற்றாமல் ராடை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். பிறகு ராடைத் தாழ்த்திக்கொண்டே, நரம்பு தளராமல் சுற்றுங்கள். தூக்கும்போது சுற்றக்கூடாது, தாழ்த்தும்போது மட்டும் சுற்ற வேண்டும். இதை வீட்டு மாடியில், யாரையாவது நரம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லிப் பழகலாம்.

ஆனால் நாலாவது வீச்சிலேயே சுருள்கிறது என்றால், மீன் அடிப்பதற்கு முன்பே முறுக்கு இருந்திருக்கிறது. அது கடையில் ஏற்றியபோது வந்ததாக இருக்கலாம். கடையில் நரம்பு சுற்றி வரும் உருளையிலிருந்து அது எந்தப் பக்கமாகக் கழல்கிறதோ, அதற்கு ஒத்த திசையில் ரீலில் ஏற வேண்டும். அவசரத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. நீங்களே ஏற்றும்போது உருளையைத் தரையில் படுக்க வையுங்கள், லேபிள் மேலே பார்க்க. நரம்பை ராடின் முதல் வளையத்தில் விட்டு ஸ்பூலில் கட்டி, ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கம் கொடுத்தபடி 10 முதல் 15 சுற்று சுற்றுங்கள். நிறுத்தி, நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். தளர்ந்த நரம்பு வேட்டி நூல் மாதிரி சும்மா தொங்கினால் சரி. தன்னையே கட்டிக்கொண்டு சுருண்டால் உருளையைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்தால் பாதிச் சிக்கு வராது.

எவ்வளவு ஏற்றுவது என்பதும் முக்கியம். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்த வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது நாலைந்து சுற்று நரம்பு ஒன்றாகக் கழன்று ராடின் முதல் வளையத்தில் போய் அடைத்துக்கொள்ளும். வீசிய வேகத்தில் அங்கேயே அறும். குறைவாக ஏற்றினால் விளிம்பில் உராய்ந்து தூரம் குறையும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் குறைவாகவே ஏற்றுங்கள்.

இன்னொரு காரணம் பெயிலை மூடும் விதம். வீசிய பிறகு கைப்பிடியைச் சுற்றி டக்கென்று மூடினால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் தங்கிவிடும். மூன்று வீச்சு கழித்து அதுவே சிக்காகும். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் பெயிலைக் கையால் மூடி, நரம்பை விரலால் ஒரு முறை இழுத்து உருளியில் உட்காரவைத்துவிட்டுச் சுற்றுங்கள். பெயில் ஓரத்தில் உள்ள அந்தச் சின்ன உருளி சுழல்கிறதா என்றும் பாருங்கள். உப்பு ஏறி நின்றுபோயிருந்தால் நரம்பு அதில் உராய்ந்தே முறுக்கும், தேயும். ஒரு சொட்டு ரீல் எண்ணெய் போதும்.

இப்போது ரீலில் இருக்கும் முறுக்கை எடுக்க, முள், ஈயம், ஸ்விவல் (சுழலும் இணைப்பு) எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வெறும் நரம்பை ஓடும் தண்ணீரில் 60, 70 மீட்டர் விடுங்கள். சில நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் நுனி சுதந்திரமாகச் சுழன்று முறுக்கு இறங்கும். ஈரத்துணி பிடித்தபடி சுற்றி எடுங்கள். நீரோட்டம் இல்லாவிட்டால் புல்தரையில் அதே தூரம் விரித்துவிட்டு அதே மாதிரி சுற்றலாம். விரலால் தடவும்போது மடிப்பு விழுந்த இடம், சொரசொரப்பான இடம் இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள். வெட்டிய நரம்பைக் கரையில் போடாதீர்கள். முகத்துவாரத்தில் மேயும் பறவைகளின் காலில் சுற்றினால் அவற்றால் கழற்ற முடியாது. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள்.

இனி அறுந்த விஷயம். நரம்பின் நுனியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா தெரியவில்லை. அடுத்த முறை எறியாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. கடைசி ஒரு சாண் நரம்பு வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் பாறையிலோ சிப்பியிலோ மீனின் வாயிலோ தேய்ந்து போனது. தேய்மானமே இல்லாமல் கத்தி வைத்தாற்போல் வெட்டியிருந்தால் செவுள் மூடி. நுனி மெலிந்து நீண்டிருந்தால் டிராக் அளவுக்கு மேல் இறுகியிருந்தது. காரணம் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமல் விலை கூடிய நரம்பு வாங்குவதில் பயனில்லை.

முகத்துவாரத்தில் உயிர் இறாலுக்கு அடிக்கும் பெரிய மீன் கொடுவாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கொடுவாவின் வாயில் கூரிய பல் தெரியாது. ஆனால் தாடை உப்புத்தாள் மாதிரி இருக்கும், செவுள் மூடியின் ஓரம் வெட்டும். 0.40 நரம்பை நேராக முள்ளில் கட்டினால் அது தலையை உதறும் உதறலில் தேய்ந்துவிடும். எனவே கடைசிப் பகுதிக்கு லீடர், அதாவது தடித்த நரம்புத் துண்டு, வேண்டும். ரீலிலிருந்து வரும் தாய் நரம்பில் 20 முதல் 30 கிராம் துளை ஈயம், அதன்பின் ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல். ஸ்விவலின் மறுபக்கம் 0.60 மி.மீ. நரம்பு 60 செ.மீ., அதன் நுனியில் 2/0 அளவு முள். ஈயம் நரம்பில் வழுக்கி ஓடுவதால் மீன் இரையை எடுக்கும்போது எடையை உணராது. ஈயம் போடுவதற்கு முன் ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் வீச்சு எடையைப் பாருங்கள். 10-30 கிராம் என்று போட்டிருந்தால் ஈயமும் இரையும் சேர்த்து அதைத் தாண்டக்கூடாது.

முடிச்சு: நரம்பை முள்ளின் கண்ணில் விட்டு, நுனியால் அதே நரம்பைச் சுற்றி 5 அல்லது 6 சுற்று, 0.60 தடிமனுக்கு 4 போதும். நுனியைக் கண்ணை ஒட்டிய சின்ன வளையத்தில் நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் நுழையுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். உலர்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உராயும் சூட்டில் அந்த இடம் பலம் இழக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நுனியை 2, 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள்.

டிராக் இறுக்கம் நரம்பின் தாங்கு எடையில் நாலில் ஒரு பங்கு என்பது நெடுநாள் கணக்கு. 0.40 நைலான் நல்ல சரக்காக இருந்தால் 10 கிலோ வரை தாங்கும். ராடு வளைந்திருக்கும்போது வளையங்களின் உராய்வும் சேர்ந்துகொள்வதால் 2 கிலோவில் வையுங்கள். தராசு வேண்டாம், 2 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அதுவே 2 கிலோ. ராடிலிருந்து ரீலைக் கழற்றி, நரம்பைப் பாட்டில் கழுத்தில் கட்டி, பெயிலை மூடி, ரீலைப் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் உடனே எழும்பினால் டிராக் இறுக்கம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று பாட்டில் தரையைவிட்டுத் தயங்கி எழ வேண்டும். ராடோடு தூக்கிச் சோதிக்காதீர்கள், நுனி முறியும். மீன் மாட்டியபின் டிராக் குமிழைத் திருகாதீர்கள். பதற்றத்தில் எல்லோருடைய கையும் இறுக்கும் பக்கமே போகும்.

உயிர் இறாலைக் கோக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இறாலின் தலையோட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். அதைக் குத்தினால் இறால் அங்கேயே செத்துவிடும். புள்ளிக்கு முன்னால், கொம்பின் அடியில், ஓட்டுக்குள் மேலாக முள்ளைக் குறுக்கே விடுங்கள். அப்படிக் கோத்த இறால் நெடுநேரம் உதைத்துக்கொண்டிருக்கும். இழுப்பு வேகமாக இருக்கும்போது வாலின் கடைசிக் கணுவில் கோக்கலாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. காலை முதல் இருட்டும்வரை உட்கார வேண்டிய தேவையே இல்லை. முகத்துவாரத்தில் மீன் மேய்வது தண்ணீர் ஓடும்போது. ஏற்றம் முடிந்து வற்றம் பிடித்ததும் சின்ன வாய்க்கால்களிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே வரும். கொடுவா அந்த வாய்களில் காத்திருக்கும். அந்த 2, 3 மணி நேரம்தான் உங்களுடையது. ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு விடியலில் ஏற்றம் இருந்தால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் வற்றம் அடிமட்டத்தில் இருக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஏற்றம். எனவே ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போங்கள், விடியலில் போய் பத்து மணிக்குள் திரும்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறாக அமைந்தால் நீரோட்டம் பலமாக இருக்கும். அட்டமியை ஒட்டி மந்தம். அலை அட்டவணை கடல் முகப்புக்கானது, உள்ளே தண்ணீர் திரும்பச் சற்றுத் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துவிட்டால் உள்ளே ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. கிளம்புவதற்கு முன் வாய் திறந்திருக்கிறதா என்று அந்த ஊர் மீனவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் வலை போட்டிருக்கும் இடத்துக்கு முன்னால் வீசாதீர்கள். பழவேற்காடு போன்ற இடங்களில் வலை போடும் இடங்களை மீனவர்கள் ‘பாடு’ என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே ஒருவருடைய ‘பாடு’ இருக்கும் இடத்தில் குறுக்கே நிற்பது அவருடைய அன்றைய கூலியில் கைவைப்பது.

கெளுத்தி மாட்டினால் கையால் பிடிக்காதீர்கள்; இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். மீனின் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்களில் விஷம் உண்டு. குத்திவிட்டால் அந்த இடத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. முள் உள்ளே ஒடிந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள், டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகிவிடுங்கள், மின்கம்பிக்குக் கீழே வீசாதீர்கள்.

வீடு திரும்பியதும் டிராக்கை நன்றாக இறுக்கி, ரீல்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். இறுக்காமல் கழுவினால் உப்புத்தண்ணீர் டிராக் தட்டுகளுக்குள் போகும். துடைத்துக் காயவைத்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தட்டுகள் அமுங்கி அடுத்த முறை விட்டு விட்டு நழுவும்.

பிரெய்ட்? இந்த நைலானிலேயே இரண்டு மாதம் சிக்கில்லாமல் வீசப் பழகியபின் வாங்குங்கள். பிரெய்ட் இழுபடாது, மெல்லியது; தளர்ந்த வளையத்தை அது மன்னிக்காது, விழும் முடிச்சை அவிழ்க்கவும் முடியாது. வாங்கும்போது 20 பவுண்டு தாங்குவது போதும். வெறும் ஸ்பூலில் பிரெய்ட் வழுக்கிச் சுழலும், டிராக் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். முதலில் 10 மீட்டர் நைலான் சுற்றி, அதன் நுனியில் பிரெய்டைக் கட்டி ஏற்றுங்கள்.