மூன்று கால், இரண்டே கம்பி

கேள்வி: கம்ப்யூட்டரில் 750 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) போட்டிருக்கிறேன். 10 ஆம்பியர் பவர் கார்டு போதுமா?

பதில்: தாராளமாக. 230 வோல்ட்டில் முழு லோடு கொடுத்தாலும் சுமார் 4 ஆம்பியர்தான்.

கேள்வி: பழைய பவர் கார்டு போய்விட்டதால் புதிது வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது. "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படியெல்லாம் கிடையாது. பழைய கார்டில் இல்லாத தொல்லை புதிதில் வந்தால் முதல் சந்தேகம் கார்டின் மேல்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியே கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கேபினட்டுக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால் தொட்டவர் கை வழியாகப் போகும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். மலிவாக இருக்கிறதே என்று ஒரே ரகத்தில் மூன்று கார்டு வாங்கினேன். பார்க்க நல்ல தடிமன். சுள்ளென்றதும் ஒன்றை அறுத்துப் பார்த்தேன்: எல்லாம் பிளாஸ்டிக், நடுவில் முடி மாதிரி இரண்டே கம்பி. பிளக்கின் மூன்றாவது கால் சும்மா அழகுக்கு! இன்றைக்கும் அதை விற்ற மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

ஆகவே தடிமனைப் பார்த்து மயங்காதீர்கள். உறை மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். 3ஜி 0.75 என்றால் மூன்று கம்பி, அதில் ஒன்று எர்த், ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர். எழுத்தே இல்லையா, வாங்காதீர்கள். பொய்யாகவும் அச்சடிப்பார்கள் என்பதால் மல்டிமீட்டரும் வேண்டும். கார்டை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கம்பித் தொடர்ச்சி பார்க்கும் பீப் நிலையில் வையுங்கள். பிளக்கின் எர்த் காலில் அதன் ஒரு முனை, கம்ப்யூட்டர் பக்கத்து நடுத்துளையில் மறுமுனை. பீப் வராவிட்டால் அந்தக் கார்டோடு கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். உங்கள் பக்கம்தான் நியாயம்.

கேள்வி: கம்பியில் காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் சுத்தச் செம்புதானே?

பதில்: அலுமினியத்திலும் ஒட்டாது. கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் மேலே வெறும் செம்புப் பூச்சு.

கேள்வி: கெட்டில் கார்டு கம்ப்யூட்டரில் நுழைகிறது, கம்ப்யூட்டர் கார்டு கெட்டிலில் நுழையவில்லை. முனையில் சின்னதாக ஒரு பள்ளம் செதுக்கிவிடலாமா?

பதில்: முதலில் கத்தியைக் கீழே வையுங்கள். கெட்டில் கார்டின் முனை 120 டிகிரி சூட்டுக்குச் செய்தது, கம்ப்யூட்டர் கார்டின் முனை 70 டிகிரிக்கு. நுழையக் கூடாது என்றுதான் அந்தத் தடுப்பையே வைத்திருக்கிறார்கள். அதைச் செதுக்கிவிட்டு, அப்புறம் முனை உருகிவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள்.