விடுமுறை நாளில் நெடுநேரம் தூங்கியும் அலுவலகக் களைப்பு தீராதது ஏன்?

வேலைப்பளு விடுமுறையில் ஓரளவு இறங்கிவிடும். ஆனால் நாலு பேர் முன்னால் மேலாளர் கடிந்துகொண்டதும், பக்கத்து இருக்கைக்காரர் முகம் கொடுத்துப் பேசாததும் மனத்தைவிட்டு எளிதில் இறங்குவதில்லை. ‘அப்போது இப்படிப் பதில் சொல்லியிருக்கலாமே’ என்று படுக்கையில் அதே காட்சியை ஓட்டிப் பார்க்கும்போது, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருக்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் போதிய அளவு தணியாமல் போகலாம். இதயத் துடிப்பும் எளிதில் தளராது, தூக்கம் பிடிக்கத் தாமதமாகும், பிடித்தாலும் அடிக்கடி விழிப்பு வரும். எத்தனை மணி நேரம் படுத்திருந்தாலும் அசதி மிஞ்சுவது இதனால்தான்.

உளவியலாளர்கள் சபீனா சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் ஆகியோர், வேலைக் களைப்பிலிருந்து மீள்வதை அளக்க 2007-இல் வெளியிட்ட மீட்சி அளவுகோலின் நான்கு கூறுகளில் ஒன்று, வேலையிலிருந்து மனத்தளவில் விலகியிருப்பது. மனக்கசப்பு முதலில் பறிப்பது அதைத்தான் என்பது என் கருத்து. ஆகவே, மதியம்வரை தூங்கி ஈடுகட்ட முயலாதீர்கள். அது அன்றிரவுத் தூக்கத்தையும் தள்ளிப்போடும்.